அண்ணன் பெயரை அம்மா சொன்ன நாள்

எங்கள் அண்ணனுக்குத் தாத்தாவின் பெயர். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே வழக்கத்தில் வந்ததுதான், அதனால் அம்மா ஒரு நாளும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "பெரியவனே" என்பாள், கொஞ்சும்போது "ராசா" என்பாள், அவ்வளவுதான். ராணுவத்தில் சேர்ந்த பிறகு வீட்டுக்குக் கடிதம் போடும்போதுகூட அவன் கீழே தன் பெயரை எழுதாமல் "உங்கள் பெரியவன்" என்றுதான் எழுதுவான்.

1999 ஜூலையில் கார்கில் போரில் அவன் இறந்தான். பட்டாலிக் பகுதி. அவனுக்கு 22 வயது, எனக்கு 14.

போன மகாளயத்தில், 2025 செப்டம்பர் 20ஆம் தேதி, அம்மாவை ராமேசுவரம் கூட்டிப்போனேன். இத்தனை வருடம் அம்மா அந்தப் பக்கமே வந்ததில்லை. அண்ணன் இறந்தபோது அவன் அஸ்தியை அப்பாவும் பெரியப்பாவும்தான் எடுத்துப்போய் அக்னி தீர்த்தத்தில் கரைத்துவிட்டு வந்தார்கள், அம்மாவையும் எவ்வளவோ கூப்பிட்டார்கள், "அவனைக் கடல்ல விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த ஊர் பேரை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். கும்பிடாத கோயில் இல்லை, காசிக்குக்கூடப் போய்வந்தாள், காசிக்குப் போனவர்கள் ராமேசுவரமும் வந்து முடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னபோதும் வரவில்லை.

இந்த முறை அவளே கேட்டாள். காரணம், நாங்கள் வழக்கமாகப் போகும் சிவன் கோயில் குருக்கள் சொன்ன ஒரு விஷயம். மகாளய பட்சத்தின் 15 நாளில் ஒவ்வொரு திதிக்கும் ஒரு கணக்கு உண்டாம். மற்றவர்களுக்கு அவரவர் இறந்த திதியில் கொடுக்கலாம், ஆனால் ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு, போரில் செத்தவர்களுக்கு, அமாவாசைக்கு முந்தின நாளான சதுர்த்தசியைத் தனியாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்போ அவனை மாதிரி செத்துப் போனவங்களை அந்தக் காலத்துலயே யாரோ நினைச்சுப் பார்த்திருக்காங்க" என்றாள். எனக்கும் அது மனதில் தைத்தது. எத்தனை ஆயிரம் அம்மாக்கள் அழுதிருந்தால் இப்படி ஒரு நாளைத் தனியே குறித்து வைத்திருப்பார்கள்.

மதுரையிலிருந்து காலை ரயில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில்தான் இப்போது போகிறோம். 1914இல் திறந்த பழைய பாலம் அன்றைக்கும் பக்கத்திலேயே நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "உங்க அப்பா அதுல தானே போயிருப்பாரு, மடியில வச்சுக்கிட்டு" என்றாள். அப்பா போய்ச் சேர்ந்து 8 வருடம் ஆகிறது. கலசத்தைக் கீழே வைக்காமல் போக வர மடியிலேயே வைத்திருந்ததாகப் பெரியப்பா சொல்வார், போகும்போது கலசம், வரும்போது அது சுற்றியிருந்த வெறும் துணி.

மறுநாள் மகாளய அமாவாசை என்பதால் முதல் நாளே கூட்டம் கொள்ளவில்லை, அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை வேறு. கிழக்குக் கோபுர வாசலிலிருந்து கடற்கரை வரை மனிதத் தலைதான். அக்னி தீர்த்தம் என்று பெயரே தவிர அலை அடிக்காத சாந்தமான கடல், இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். அம்மா முதலில் இறங்கவே இல்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள், குடிக்கவும் இல்லை, தலையில் விடவும் இல்லை. அப்புறம்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சின்ன வயதிலிருந்து பல கோயில் கும்பிட்டவன், ஆனால் இந்தக் கோயில் எப்படி வந்தது என்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காக யோசித்தேன். ராவணனை வென்ற பிறகு அந்தக் கொலைப் பாவம் தீரவேண்டும் என்று ராமர் சிவனை வழிபட்ட இடம் இது. லிங்கம் கொண்டுவரக் கயிலாயம் போன அனுமன் வரத் தாமதமாகவே, சீதை மணலால் பிடித்துவைத்த லிங்கம்தான் ராமநாதர், அனுமன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூஜை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தர்மத்துக்காகப் போரிட்டவர், தெய்வமே ஆனவர், ஜெயித்தும்விட்டார். அவரே கொன்ற பாவம் என்று சொல்லி இந்த மணலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், போர் என்பது ஜெயித்தவனையும் சும்மா விடுவதில்லை. கார்கிலில் நாம் ஜெயித்தோம். ஜூலை 26ஐ ஒவ்வொரு வருடமும் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும், நானும் கொடி குத்திக்கொள்கிறேன். ஆனால் 527 வீடுகளில் அந்த நாள் வேறு மாதிரி விடியும். எங்கள் வீடு அதில் ஒன்று.

கரையில் வரிசையாகப் புரோகிதர்கள். ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தோம். தர்ப்பைப் பவித்திரம் போட்டுவிட்டார், வாழை இலையில் எள்ளும் பச்சரிசி மாவும். "கோத்திரம் தெரியுமா? தெரியலேன்னா சிவகோத்திரம்னு சொல்லிக்கோ" என்றார். அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் என்று வரிசையாகக் கேட்டார், சொன்னேன். பாட்டிமார் பெயர்கள், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்கள், அதெல்லாம் அம்மா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபோது, "காருண்ய பித்ருக்கள் யாராவது? கூடப் பிறந்தவங்க, சிநேகிதங்க?" என்றார்.

"அண்ணன்" என்றேன்.

"பேரு?"

சொன்னேன்.

"அது தாத்தா பேருப்பா, அவருக்குத்தான் கொடுத்தாச்சே. அண்ணன் பேரைச் சொல்லு."

எனக்கு ஏனோ தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான், வரவில்லை. அப்போது அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். முணுமுணுப்பாக இல்லை, நன்றாகவே சத்தமாக, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "அவுக பேரைத்தான் சாமி இவனுக்கு வச்சோம். என் மூத்த மகன். கார்கில்ல செத்துப் போனான், 22 வயசு, கார்த்திகை நட்சத்திரம்."

என் வாழ்நாளில் அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவர் கையில் இருந்த தர்ப்பையை அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "இன்னைக்கு அவருக்கான நாள்தாம்மா. சரியான நாள்ல வந்திருக்கீங்க" என்றார். அண்ணனுக்கென்று தனியாக ஒரு பிண்டம் பிடிக்கச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் விடும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை அவர் சொல்ல, நான் சொல்ல, பின்னாலேயே அம்மாவும் சொன்னாள். பிண்டத்தைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

இதற்கு முன்னால் அந்தப் பெயர் பல இடங்களில் இருந்திருக்கிறது. அப்பா ஒரு முறை கார்கில் பக்கத்தில் இருக்கும் திராஸ் போய் அங்கிருக்கும் போர் நினைவிடத்தின் சுவரில் இருக்கும் பெயர்களைப் பார்த்துவிட்டு வந்தார். 2019இல் டெல்லியில் தேசிய போர் நினைவகம் திறந்த பிறகு நான் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். தியாக சக்கரம் என்று வட்டவட்டமாகச் சுவர்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வீரரின் பெயர், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள் மட்டும் 25,000 பேருக்கு மேல். அண்ணனின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்ததும் அம்மா முந்தானையால் அதைத் துடைத்தாள், தூசி எதுவும் இல்லை. அங்கேயும் பெயரைச் சொல்லவில்லை.

கோயில்களில் நிலைமை இன்னும் கஷ்டம். அண்ணன் உயிரோடு இருந்தபோது மாதாமாதம் கார்த்திகை அன்று முருகன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை. அம்மா பெயர் சொல்லமாட்டாள் என்பதால் நான்தான் கூட நின்று பெயர் சொல்வேன், நட்சத்திரம் அவள் சொல்வாள். இறந்தவர்கள் பேருக்கு அர்ச்சனை செய்யக் கூடாது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் போன பிறகும் அம்மா நிறுத்தவில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டி "கார்த்திகை" என்பாள், என்னைப் பார்ப்பாள், நான் பெயரைச் சொல்வேன். 26 வருடம். அப்பாவுக்குத் தெரியும், எங்கள் ஊர்க் குருக்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

கடலிலிருந்து ஈரத்தோடு 22 தீர்த்தம் ஆடப் போனோம். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடிகிற வரிசை. கிணற்றுச் சுவரில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள், கடல் ஓரத்துக் கிணறுகள், ஆனால் உப்பு கரிப்பதில்லை. அம்மாவின் வயதுக்குப் பாதியில் போதும் என்பாள் என்று நினைத்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. கயா தீர்த்தத்தில் மட்டும் இன்னொரு வாளி கேட்டு வாங்கினாள். உடை மாற்றிக்கொண்டு மூன்றாம் பிராகாரம் வழியாக நடந்தோம், 1212 தூண்கள் என்கிறார்கள், ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. நடக்கும்போது மேஜர் மாரியப்பன் சரவணனைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். 1972இல் இந்த ராமேசுவரத்தில் பிறந்தவர், அதே பட்டாலிக்கில் 1999 மே 29 அன்று இறந்தவர், வீர் சக்ரா பெற்றவர், அவருடைய உடல் ஒரு மாதத்துக்கும் மேல் அந்தப் பனிமலையிலேயே கிடந்தது. அம்மா நின்றுவிட்டாள். "அந்தம்மா அந்த ஒரு மாசம் என்ன பாடு பட்டிருக்கும்" என்றாள். தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

விசுவநாதரை முதலில், பிறகு ராமநாதரை, கூட்ட நெரிசலில் கண்மூடித் திறப்பதற்குள் தள்ளிவிட்டார்கள். அம்பாள் பர்வதவர்த்தினி சன்னதியில் கொஞ்சம் நிற்க முடிந்தது. தட்டை வாங்கிக்கொண்டு அர்ச்சகர் பெயர் நட்சத்திரம் கேட்டார். அம்மா என் பெயரைச் சொன்னாள், என் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், அவரவர் நட்சத்திரம். அப்புறம் அவள் "கார்த்திகை" என்பாள் என்று நான் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் அர்ச்சகர்.

"அவ்வளவுதான் சாமி."

மறுநாள் அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பே கிளம்பிவிட்டோம். மடியில் கோடி தீர்த்தத் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் பாலத்தில் ஏறியபோது அண்ணனின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள், ஏதோ தினமும் சொல்கிற பெயர் மாதிரி. "அவனுக்குச் சின்னப் பிள்ளையில கிணத்தைக் கண்டா அவ்வளவு பயம், தெரியுமா உனக்கு? வாளியைத் தூக்கினாலே ஓடிருவான். தலைக்கு ஊத்தணும்னா உங்க அப்பா ஒரு பக்கம் பிடிக்கணும், நான் ஒரு பக்கம் பிடிக்கணும்..."

எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.