காபன் வரவு வாங்குவதற்கு முன் நாங்கள் கேட்ட கேள்விகள்

கொழும்பிலிருந்து பொதியிட்ட தேயிலையை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். எங்கள் ஜேர்மன் கொள்வனவாளர் ஒருவர், எங்கள் பச்சைவீட்டு வாயு உமிழ்வுகளில் குறைக்க முடியாமல் எஞ்சுபவற்றை ஈடுசெய்யுமாறு கேட்டபோது, வேறோரிடத்தில் உமிழ்வைத் தவிர்த்ததற்கோ அகற்றியதற்கோ வழங்கப்படும் சான்றுகளான காபன் வரவுகளை எந்தத் திட்டத்திடம் வாங்கலாம் என்று பணிப்பாளர் சபைக்குப் பரிந்துரைக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இதே வேலை மேசைக்கு வரப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு வாங்குவது என்பது ஓரளவு எளிதாகவே முடிந்தது. ஐ.எஸ்.ஓ. 14064-1 நியமப்படி நாங்கள் தயாரித்த உமிழ்வுக் கணக்கை வெளிவாரிச் சரிபார்ப்பாளர் உறுதிப்படுத்தியிருந்தார். மின்பிறப்பாக்கியும் லொறிகளும் எரித்த டீசல், குளிரூட்டிகளிலிருந்து கசிந்த வாயு, மின்சார சபையிடம் வாங்கிய மின்சாரம், கொள்கலன்களின் கடற்பயணம் எல்லாம் அதில் இருந்தன. ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டாக 2022ஐ எடுக்கக் கூடாது என்று மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த அந்த ஆண்டின் டீசல் செலவோடு ஒப்பிட்டால், பிறகு ஒன்றுமே செய்யாதவர்கள்கூட உமிழ்வைக் குறைத்தவர்களாகிவிடுவார்கள். களஞ்சியக் கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்திய பின் எஞ்சிய தொன்களுக்கு மட்டும் வரவு வாங்குவதென முடிவாயிற்று.

சிக்கல் விலைக்கூறுகள் வந்தபோதுதான் தொடங்கியது. ஒரு வரவு என்றால் ஒரு மெற்றிக் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு தவிர்க்கப்பட்டது அல்லது அகற்றப்பட்டது என்று பொருள். அப்படியிருக்க, அதே ஒரு தொன்னுக்குத் தரகர்கள் கேட்ட விலைகள் பல மடங்கு வேறுபட்டன. மிக மலிவாக வந்தது இந்தியக் காற்றாலை ஒன்றின் பழைய வரவு. அது ஏன் அவ்வளவு மலிவு என்று தேடியபோதுதான், இந்தத் துறையில் எல்லாக் கேள்விகளுக்கும் தாயான கேள்வி புரிந்தது: வரவு விற்ற பணம் கிடைத்திராவிட்டாலும் அந்தத் திட்டம் நடந்திருக்குமா? காற்று மின்சாரத்தை விற்றே இலாபம் ஈட்டக்கூடிய ஆலைக்கு எங்கள் பணம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. வரவுகளை வழங்கிப் பதிந்து வைக்கும் வெரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் ஆகிய இரு பெரிய பதிவேடுகளும், மிகப் பின்தங்கிய நாடுகள் தவிர்ந்த இடங்களில், மின்வலையமைப்போடு இணைந்த புதிய மீள்புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்களைப் பெரும்பாலும் ஏற்பதை நிறுத்திவிட்டன. தன்னார்வச் சந்தையின் தரத்தைக் கண்காணிக்கும் சர்வதேசச் சபையும், நடைமுறையில் இருந்த மீள்புதுப்பிக்கத்தக்க மின்சார வரவுகளைக் கணக்கிடும் முறையியல்களுக்குத் தன் தர முத்திரையை 2024 ஓகஸ்டில் மறுத்தது. அந்த விலைக்கூறை நான் கோப்பின் அடியில் வைத்துவிட்டேன்.

குப்பைமேட்டு வாயுவைப் பிடித்து எரிக்கும் திட்டமொன்றையும் நான் சபையில் சொல்லிப் பார்த்தேன். பணிப்பாளர்களுக்கோ மரங்கள்தான் வேண்டியிருந்தன. “தம்பி, மரம் நட்டால் கலண்டரில் போடலாம், நாளைக்கு வாறவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். நீங்கள் சொல்லுகிற குப்பைமேட்டை ஆருக்குக் காட்டுகிறது?” என்று மூத்த பணிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காடழிப்பைத் தடுத்ததாக வழங்கப்படும் வரவுகளில், தடுக்காவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற ஊகத்தின் மீதே முழுக் கணக்கும் நிற்கிறது. அந்த ஊகங்கள் பல மிகைப்பட்டவை என்று 2023 ஜனவரியில் கார்டியன் நாளேடு வெளியிட்ட புலனாய்வின் பின் அந்தச் சந்தையே ஆட்டங்கண்டது. நாளை காட்டுத்தீ வந்தால் என்னாகும் என்பதும் உண்டு. அதற்காக ஒரு பங்கு வரவுகளை விற்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள், அந்த ஒதுக்கு போதுமா என்பது வேறு கதை. புத்தளம் பக்கத்துக் கண்டல் காடுகளும் பேசப்பட்டன. இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக 2015இலேயே அறிவித்துவிட்ட நிலையில், இருக்கும் காட்டைக் காப்பதற்கு வரவு கேட்பது எவ்வளவு சரி என்று நான் கேட்டேன். கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் கண்டலை மீள வளர்ப்பது வேறு. அதை நான் மனதார விரும்பினேன், ஆனால் எங்களுக்குத் தேவையான ஆண்டுக்குரிய, சரிபார்க்கப்பட்ட வரவு எதையும் தரகர்களால் தர முடியவில்லை. இலங்கை காலநிலை நிதியம் நடத்தும் உள்நாட்டு வரவுத் திட்டத்தையும் விசாரித்தோம். கொள்வனவாளர் ஏற்கும் பதிவேடுகளின் பட்டியலில் அது இருக்கவில்லை.

விறகு சேமிக்கும் அடுப்புத் திட்டங்கள் கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அவை உண்மையான பயனைவிடச் சராசரியாக 9 மடங்குக்கு மேல் வரவு பெற்றுள்ளன என்று 2024இல் வந்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்றைப் படித்த பின், அடுப்பு உண்மையிலேயே பயன்படுகிறதா என அளந்து காட்டாத எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இறுதியில் நான் பரிந்துரைத்தது, தென்கிழக்காசிய நகரமொன்றின் குப்பைமேட்டிலிருந்து வரும் மீதேனைக் குழாய்களால் உறிஞ்சி எரித்துவிடும் திட்டத்தை. மீத்தொட்டமுல்லைச் சரிவை 2017இல் கண்ட கொழும்புக்காரருக்குக் குப்பைமேடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மீதேன் 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. எரிந்த மீதேன் திரும்பி வராது. அந்த மேட்டில் மின்சாரம் எடுத்து விற்கப்படவில்லை, வாயுவைப் பிடிக்கச் சொல்லும் சட்டமும் அங்கில்லை. ஆகவே வரவு விற்ற பணம் நின்றால் சுடரும் அணையும். கண்காணிப்பு அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். வாயுவின் ஓட்டத்தை அளக்கும் மானி பழுதடைந்திருந்த வாரங்களுக்கு எதிரே மதிப்பீடு எதையும் இட்டு நிரப்பாமல் பூச்சியம் போட்டிருந்தார்கள். அந்தப் பூச்சியங்களைக் கண்ட பிறகே மற்ற இலக்கங்களை நம்பினேன்.

சபை அதை ஏற்றுக்கொண்டது, மூத்த பணிப்பாளரின் முணுமுணுப்போடு. பணம் அனுப்புமுன் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தோம்: வரவுகள் தரகரின் கணக்கில் கிடக்கக் கூடாது, எங்கள் நிறுவனத்தின் பெயரும் உமிழ்வு ஆண்டும் குறிப்பிடப்பட்டுப் பதிவேட்டில் நிரந்தரமாக நீக்கப்பட வேண்டும். நீக்கப்பட்ட வரவை எவரும் மீண்டும் விற்க முடியாது. தொடரிலக்கங்களைப் பதிவேட்டின் பொதுப் பக்கத்தில் நானே சரிபார்த்து, அச்செடுத்துக் கணக்காய்வுக் கோப்பில் வைத்தேன்.

தேயிலைப் பெட்டியில் “காபன் நடுநிலை” என்று அச்சிட விற்பனைப் பிரிவு ஆயத்தமாக இருந்தது. ஈடுசெய்தலை மட்டும் காட்டி ஒரு பொருளை அவ்வாறு விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்பு 2024/825, 2026 செப்டெம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருவதாக எழுதிக் கொடுத்து அதை நிறுத்தினேன். ஆண்டறிக்கையில் மட்டும் உமிழ்ந்த தொன்கள், குறைத்த தொன்கள், வாங்கி நீக்கிய வரவுகள் ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் காட்டியிருக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக் காட்டவில்லை.