மேலை நாட்டவர் பௌத்தம் பயில: எது முதலில், எது பிறகு

லண்டனிலோ பெர்லினிலோ வளர்ந்த ஒருவருக்குப் பௌத்தம் இன்று பெரும்பாலும் தியானமாகத்தான் அறிமுகமாகிறது. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியும், அதன் பின்னால் வந்த கைபேசிச் செயலிகளும் மூச்சைக் கவனிக்கக் கற்றுத் தருகின்றன. மனம் கொஞ்சம் அமைதியாகிறது, ஆர்வம் பிறக்கிறது, புத்தகம் வாங்குகிறார்கள். அதற்கு மேல் நகர முடியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கற்றது, துக்கத்தை நீக்கப் புத்தர் காட்டிய எண்வகை மார்க்கத்தின் ஏழாவது அங்கமான நற்கவனத்தில் ஒரு பகுதி. மற்ற ஏழும் அதோடு எப்படிச் சேர்கின்றன என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. இல்லறத்தார் வந்து கேட்டால் புத்தர் உரைத்த முறைக்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அனுபுப்பி கதா, அதாவது படிமுறை உரை என்று பெயர். முதலில் தானம், பிறகு சீலம் (ஒழுக்கம்), பிறகு அவற்றால் வரும் நற்கதி, பிறகு புலனின்பத்தின் குறை, துறவின் நன்மை. கேட்பவர் மனம் பக்குவப்பட்டதைக் கண்ட பிறகே துக்கம், அதன் தோற்றம், அதன் நிறுத்தம், அதற்கான மார்க்கம் என்ற நான்கு உண்மைகள். காசிச் செல்வர் மகன் யசனுக்கும் இந்த வரிசைதான். சாரநாத்தில் தம் முதல் உரையில் எடுத்த எடுப்பில் நான்கு உண்மைகளைச் சொன்னார் என்றால், கேட்ட ஐவரும் ஏற்கெனவே தவத்தில் ஊறிய துறவிகள். பெரும்பாலான அறிமுக நூல்கள் அந்த உரையிலிருந்தே தொடங்குவதால், இல்லறத்தாருக்கு வேறு வாசல் உண்டு என்பதே மறைந்துபோகிறது.

ஆகவே முதல் மாதம் ஐந்து சீலங்களோடு போகட்டும்: கொல்லாமை, திருடாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய் பேசாமை, மது தவிர்த்தல். கிறித்தவச் சூழலில் வளர்ந்தவர் இவற்றைக் கட்டளைகளாகக் கேட்கிறார். ஒன்றை மீறியதும் குற்ற உணர்வு வந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். பாலி வாசகத்தைப் பாருங்கள்: ‘வேரமணீ சிக்காபதம் சமாதியாமி’. விலகி நிற்கும் பயிற்சி விதியை நான் மேற்கொள்கிறேன் என்று பொருள். இடையில் தவறினால் மறுபடி மேற்கொள்வதே முறை. இரவில் ஐந்துக்கும் ஐந்து வரி எழுதிவைத்தால் எது அடிக்கடி நழுவுகிறது என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். பெரும்பாலும் நான்காவதுதான், பேச்சு. வேலை முடிந்து நண்பர்களோடு மதுக்கடைக்குப் போவது வழக்கமான ஊர்களில் ஐந்தாவதும் கடினம். ஒரு மாதம் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டால் பழக்கம் பிடிபடும். சிறு தொகையோ உழைப்போ வாரம் ஒருமுறை தானமாகப் போகட்டும். இந்த மாதத்துக்கு வாசிப்பு இரண்டே: தீக நிகாயத்தின் 31-ஆம் சுத்தம், அங்குத்தர நிகாயம் 8.54 (சுத்தம் என்றால் உரை, நிகாயம் என்றால் உரைகளின் தொகுப்பு). வீடு, நட்பு, வருமானம், செலவு பற்றிப் புத்தர் இல்லறத்தாரிடம் பேசியவை இவை. தியானம் நாளைக்கு 20 நிமிடம் இருந்தால் போதும்.

இரண்டாம் மாதம் சாரநாத் உரை, சங்யுத்த நிகாயம் 56.11. சில பக்கங்கள்தான். ஆனால் இங்கே அவசரமே கூடாது. நான்கு உண்மைகளையும் நான்கு கருத்துகளாக மனப்பாடம் செய்வதுதான் மிகப் பரவலான பிழை. அந்த உரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை தருகிறது. துக்கம் முழுமையாக அறியப்பட வேண்டியது, அதன் தோற்றம் விடப்பட வேண்டியது, அதன் நிறுத்தம் நேரில் காணப்பட வேண்டியது, மார்க்கம் வளர்க்கப்பட வேண்டியது. இது உண்மை, இதற்கு இது வேலை, அந்த வேலை முடிந்தது என்று மூன்று சுற்று, நான்கு உண்மை, ஆகப் பன்னிரண்டு. இதைத் தவறவிட்டவர் துக்கத்தை விரட்டப் பார்க்கிறார். அறிய வேண்டியதை விடப் பார்க்கிறார், விட வேண்டிய வேட்கை அப்படியே இருக்கிறது. தியானத்தில் உட்கார்ந்து சோகம் வந்தவுடன் ‘எனக்குத் தியானம் வரவில்லை’ என்று எழுந்துவிடுவதன் வேர் இதுதான்.

‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்பதும் பாதிதான் சரி. அங்கே உள்ள சொல் தண்ஹா, வேட்கை. அது மூன்று வகை: புலனின்ப வேட்கை, இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போக வேண்டும் என்ற வேட்கை. நல்லதைச் செய்யும் விருப்பத்துக்குச் சந்தம் என்று தனிச் சொல் உண்டு. நன்முயற்சியின் விளக்கமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாகப் படிப்பவர், வேலையில் உயர நினைப்பதும் தவறோ என்று குழம்புகிறார்.

சொற்களில் தனியாக நேரம் செலவிட்டே ஆக வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களில் துக்கத்தைப் பிக்கு போதியும் பிக்கு சுஜாதோவும் ‘சஃபரிங்’ என்கிறார்கள், தானிஸ்ஸரோ பிக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறார். மனம் உருவாக்கும் செயல்களைக் குறிக்கும் சங்காரம் என்ற பாலிச் சொல் சுஜாதோவிடம் ‘சாய்ஸஸ்’, தானிஸ்ஸரோவிடம் ‘ஃபேப்ரிகேஷன்ஸ்’. ஒரே சுத்தத்தை இரண்டு மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு இரண்டு நூல்களைப் படித்த உணர்வே மிஞ்சும். ஒரு முப்பது சொற்களை மொழிபெயர்க்காமல் பாலியிலேயே வைத்துக்கொள்வது இதற்கு மருந்து. சுத்தசென்ட்ரல் தளத்தில் பாலியும் ஆங்கிலமும் வரிக்கு வரி அருகருகே கிடைக்கின்றன, இலவசமாக. வேதனா என்ற சொல் நல்ல உதாரணம். ஆங்கிலத்தில் ‘ஃபீலிங்’ என்றதும் கோபம், சோகம் என உணர்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. தமிழருக்கோ ‘வேதனை’ என்று வலி மட்டும் கேட்கிறது. உண்மையில் இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்ற அனுபவச் சுவை அது. துக்கம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றும் தொடரான பன்னிரு சார்புகளை மணிமேகலை எண்ணும்போது இதை ‘நுகர்வு’ என்கிறது. ஊறு (புலன் தொடுதல்), நுகர்வு, வேட்கை, பற்று என்ற அதன் தொடரைப் பார்த்தால், எந்தக் கண்ணியில் வேட்கை பிறக்கிறது என்பது ஆங்கில விளக்கங்களை விடத் தெளிவாக விளங்குகிறது. மேலை நாட்டு நண்பருக்கு விளக்கப் போகும் தமிழர் இந்தச் சொற்களைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

மூன்றாம் மாதம் அனாத்மா, சங்யுத்தம் 22.59. ‘நான் என்று ஒன்றுமே இல்லை’ என்ற முடிவோடு வருபவர்களே அதிகம். உரையின் போக்கு வேறு. மனிதனை ஆக்கும் கூறுகளான உருவம், நுகர்வு முதலிய ஐந்து கந்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது நிலையானதா, நிலையற்றது இன்பமா துன்பமா, அப்படிப்பட்டதை ‘இது எனது, இது நான், இது என் ஆன்மா’ என்று கொள்வது தகுமா என்று கேட்கிறது. ஆன்மா உண்டா இல்லையா என்று வச்சகோத்தர் என்ற துறவி நேரே கேட்டபோது புத்தர் பதில் சொல்லவில்லை (சங்யுத்தம் 44.10). மனச்சோர்வில் இருப்பவர் ‘நான் இல்லை’ என்பதைத் தன்னை வெறுக்கும் காரணமாக மாற்றிவிடும் அபாயம் உண்டு. அவர் இந்தப் பகுதியை ஆசிரியர் துணையின்றித் தொட வேண்டாம்.

கர்மத்தைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: எல்லாம் முன்வினை என்பது பௌத்தம் அல்ல. சங்யுத்தம் 36.21-இல் நாம் அனுபவிப்பவற்றுக்கு எட்டுக் காரணங்கள் வருகின்றன. பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், ஒழுங்கற்ற பழக்கம், தாக்குதல் ஆகியவை ஏழு. வினைப்பயன் எட்டாவது. மறுபிறப்பு நம்ப முடியாவிட்டால் ஓரமாக வைக்கலாம், நூலிலிருந்து அழித்துவிடக் கூடாது.

மேற்கில் காலாம சுத்தம் (அங்குத்தரம் 3.65) எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரும் அரைகுறையாகப் படித்ததும் அதுவே. மரபை நம்பாதே, நூலை நம்பாதே என்ற வரிகள் நினைவில் நிற்கின்றன. நம்பக் கூடாத பத்து அடிப்படைகளின் அதே பட்டியலில் தர்க்கத்தால் மட்டும், ஊகத்தால் மட்டும், என் கருத்தோடு ஒத்துப்போவதால் மட்டும் ஏற்காதே என்பவையும் உள்ளன. அறிவுடையோர் பழிப்பதா, புகழ்வதா என்பதும் அங்கே ஓர் அளவுகோல். ‘எனக்குச் சரியென்று படுவதை ஏற்கலாம்’ என்ற பொருளுக்கு அங்கே இடமில்லை.

இவ்வளவுக்குப் பிறகு தியான முகாம். விபாசனா தியானம் கற்பிக்கும் கோயங்கா மரபின் பத்து நாள் வகுப்புக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுங்கள். முந்தைய மாலை சேர்ந்து பதினொன்றாம் நாள் காலை வெளியேற வேண்டும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாளைக்குப் பத்து மணி நேரம் அமர்வு, முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும், பத்தாம் நாள் வரை மௌனம். கைபேசி, புத்தகம், பேனா கிடையாது. கட்டணம் இல்லை, முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை. தரையில் உட்காரப் பழகாத முழங்காலுக்கு நாற்காலி கேளுங்கள், அது தோல்வி அல்ல. விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். 20 நிமிடப் பழக்கம்கூட இல்லாமல் நேராகப் பத்து மணி நேரத்துக்குத் தாவுபவர் இரண்டாம், மூன்றாம் நாளில் திண்டாடுகிறார். அவருக்கு முதலில் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் அமராவதி போன்ற மடத்தில் சில நாள் தங்குவது பொருத்தம். 1984-இல் அஜான் சுமேதோ நிறுவியது அது. விருந்தினர் எட்டுச் சீலம் காக்க வேண்டும், நண்பகலுக்குப் பின் உணவில்லை. சமையலறையிலும் தோட்டத்திலும் கைகொடுக்கும்போதுதான் முதல் மாதம் படித்த தானம் எதுவென்று பிடிபடும்.

ஜென்னையோ திபெத்திய மரபையோ தேர்ந்தால் நூல்களும் முகாமும் மாறும். எதைத் தேர்ந்தாலும் ஓர் ஆண்டு அதிலேயே இருங்கள், இரண்டு முறைகளைக் கலக்காதீர்கள். முகாமிலிருந்து திரும்பிய முதல் இரண்டு வாரம் வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். காலை ஒரு மணி, மாலை ஒரு மணி அமரச் சொல்லியிருப்பார்கள். அது ஒரு வாரத்தில் விட்டுப்போனால் பழைய 20 நிமிடத்துக்குத் திரும்பிவிடுங்கள், இரவில் எழுதும் அந்த ஐந்து வரிகளையும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.