ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுதல்: சமநிலையைத் தாளிலேயே தீர்மானிப்பது

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதக் கற்கும் இசையமைப்பாளர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஒவ்வொரு வாத்தியத்தின் வீச்சை. எது அதன் மிகக் கீழான சுரம், எது மிக மேலான சுரம் என்பது தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எந்த வாத்தியமும் ஒரே குரலில் ஒலிப்பதில்லை. அது எவ்வளவு பலமாகக் கேட்கும் என்பதை, சுரத்துக்குக் கீழே நாம் எழுதும் ஃபோர்டே (பலமாக), பியானோ (மென்மையாக) குறிகளைவிட, அந்தச் சுரத்தை எந்த இடத்தில் வைத்தோம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மற்ற உத்திகள் எல்லாம் இதைப் புரிந்துகொண்ட பிறகே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பாசூன் ஆகிய மரக்காற்று வாத்தியங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி, அதாவது பியானோவின் நடு ஸியிலிருந்து மேலே செல்லும் முதல் சில சுரங்கள், மூச்சு கலந்த மென்மையான அழகு கொண்டவை. ஆனால் வாசிப்பவர் எவ்வளவு முயன்றாலும் அவற்றுக்கு ஓரளவுக்கு மேல் வலிமை வராது. பின்னால் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் முதலான தந்தி வாத்தியங்கள், முழுமையாக ஒலிக்கும்போது அங்கே ஒரு மெலடியை எழுதினால் அது காணாமல் போகும். அதே ஃப்ளூட் மூன்றாம் ஸ்தாயிக்குச் சென்றால் முழுக் குழுவையும் தாண்டிக் கேட்கும், ஆனால் அங்கே மென்மையாக வாசிப்பது கடினம். ஓபோ இதற்கு நேர் எதிரானது: அதன் கீழ்ச் சுரங்கள் தடித்தவை, மென்மையாகத் தொடங்க மறுப்பவை; மேலே போகப்போகக் குரல் மெலிந்துவிடும். ஆகவே மரக்காற்றுக் குழுவில் ஒரு கார்டை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பை, எழுதும்போது, ஃப்ளூட்டை மேலேயும் ஓபோவைக் கீழேயும் வைப்பதுதான் முறை என்று பழக்கத்தில் வைத்துவிடாமல், அந்தக் குறிப்பிட்ட உயரத்தில் இரண்டும் எப்படி ஒலிக்கும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளாரினெட் இவற்றுள் மிகவும் வளைந்துகொடுப்பது. கீழ்ப்பகுதியில் இருண்ட, செறிவான ஒலியும், காதுக்கு எட்டாத அளவுக்கு மென்மையாகத் தொடங்கும் திறனும் அதற்கு உண்டு. நடுவே உள்ள சில சுரங்கள் மட்டும் வெளிறியவை. முக்கியமான வாக்கியம் ஒன்றை அங்கேயே சுற்றவிடாமல் இருப்பது நல்லது. பாசூனின் அடி ஆழத்துச் சுரங்களை மிக மென்மையாக வாசிப்பது எவ்வளவு சிரமம் என்பதற்குச் சான்று, 1893இல் முதன்முதலாக இசைக்கப்பட்ட சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியின் முதல் பகுதியில் இருக்கிறது. கிளாரினெட் இறங்கி வந்து முடிக்காமல் விடும் வாக்கியத்தின் கடைசிச் சில சுரங்களைப் பாசூனுக்குக் கொடுத்து, ஆறு பியானோ குறிகளை அவர் இட்டிருக்கிறார். நடத்துநர்கள் பலர் அந்தச் சுரங்களைப் பேஸ் கிளாரினெட்டுக்கு மாற்றி வாசிக்கச் செய்கிறார்கள்.

இன்று பெரும்பாலோர் கணினியில் சாம்பிள் ஒலிகளை (பதிவுசெய்த வாத்திய ஒலிகளை) வைத்தே எழுதுகிறோம். அது பெரிய வசதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் கீழ் ஸ்தாயி ஃப்ளூட் கேட்கவில்லை என்றால் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிவிடலாம் என்ற வழி, அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும் குழுவுக்குக் கிடையாது. ஃபேடரைத் தொடும் எண்ணம் வரும் ஒவ்வோர் இடத்திலும், எழுத்தை மாற்றி அதே விளைவைப் பெற முடியுமா என்று பாருங்கள்: மெலடியை ஒரு ஸ்தாயி உயர்த்தலாம், உடன் ஒலிப்பவற்றைக் குறைக்கலாம், அல்லது அந்த உயரத்தில் இயல்பாகவே பலம் கொண்ட வேறொரு வாத்தியத்துக்கு அதைக் கொடுக்கலாம். உடன் ஒலிப்பவற்றைக் குறைப்பதே பெரும்பாலும் சிறந்த விடை.

வாத்தியங்களின் வலிமையை ஒப்பிட ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் தந்த கணக்கு இன்றும் உதவுகிறது. பலமாக வாசிக்கும்போது ஒரு டிரம்பெட் அல்லது ஒரு டிராம்போனுக்கு இரண்டு ஹார்ன்கள் சமம். ஒரு ஹார்னுக்கு இரண்டு மரக்காற்று வாத்தியங்கள் சமம். மென்மையாக வாசிக்கும்போது இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே பியானோ அளவில் சரியாக அமைந்த ஒரு கார்ட், குறியை மட்டும் ஃபோர்டிஸ்ஸிமோ (மிகப் பலமாக) என்று மாற்றியதும் சரிந்துவிடக்கூடும். டிரம்பெட்டின் சுரம் தனியே துருத்திக்கொண்டு நிற்க, ஃப்ளூட்டின் சுரம் இருந்த சுவடே தெரியாது. பலமான இடங்களில் பிராஸ் குழுவின் (டிரம்பெட், ஹார்ன் போன்ற பித்தளை வாத்தியங்களின்) கார்ட் தனியாகக் கேட்டாலும் முழுமையாக இருக்க வேண்டும், மரக்காற்றுக் குழுவின் கார்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

பியானோவில் இசையமைத்துப் பிறகு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றுபவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: பெடல். பெடலை அழுத்தியபடி வாசிக்கும்போது, விரல் எடுத்த பிறகும் சுரங்கள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. காது அந்த மிதக்கும் ஒலியையும் இசையின் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. தாளில் உள்ள சுரங்களை மட்டும் ஸ்ட்ரிங்ஸுக்கும் கிளாரினெட்டுக்கும் பிரித்துக் கொடுத்தால், அந்த ஒலி வெளியேறி இசை வறண்டுவிடும். பெடல் செய்த வேலையை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஹார்ன்களில் நீண்ட சுரங்கள், வியோலாக்களில் மெல்லிய நடுக்கத்துடன் நீளும் இரண்டு சுரங்கள், கீழ்ப்பகுதியில் கிளாரினெட்கள் என்று பல வழிகள் உள்ளன. இப்படி நீண்டு நிற்கும் ஒலியைக் கேட்பவர் தனியாகக் கவனிக்க மாட்டார். அதை எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று உணர்வார்.

இதே இடத்தில் கார்டின் இடைவெளியையும் சொல்லிவிடலாம். கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் சுரங்களை அடுக்குவது, ஒரு சுரத்துடன் இயற்கையாகவே சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்களின் வரிசையான ஹார்மோனிக் வரிசையின் அமைப்பையே பின்பற்றுகிறது. பேஸ் பகுதியில் மூன்றாம் இடைவெளிகளை (ஸி–இ போன்ற இணைகளை) நெருக்கி வைத்தால் ஒலி கலங்கும். டபுள் பேஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இரட்டிப்பு பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. ஒரே மெலடியை ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், வயலின் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்தாயியில் கொடுப்பது பெரும்பாலும் பயத்தால் செய்யப்படுவது. ஒலி அதனால் அவ்வளவாகக் கூடுவதில்லை; ஒவ்வொரு வாத்தியத்தின் நிறமும் மற்றொன்றால் அழிந்து, எங்கும் ஒரே சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. தனி ஓபோவின் ஏக்கத்தை, அதனுடன் ஒரு கிளாரினெட் சேர்ந்தவுடனே இழந்துவிடுகிறோம். ஸ்தாயி விட்டு இரட்டிப்பது வேறு விஷயம். அது தெளிவையும் உயரத்தையும் தரும். ஸ்ட்ரிங்ஸில் இரண்டே இரண்டு வயலின்கள் ஒரே சுரத்தை வாசிப்பது சுருதிக்கு மிகவும் ஆபத்தானது. மூன்று பேர் ஆனதும் சிறு வேறுபாடுகள் ஒன்றுடன் ஒன்று கலந்து குழுவின் ஒலியாகிவிடும்.

வாசிப்பவரின் உடலையும் நினைத்து எழுத வேண்டும். ஃப்ளூட்டுக்கும் டியூபாவுக்கும் காற்று விரைவில் தீரும். ஓபோ வாசிப்பவருக்கோ உள்ளே தேங்கிய காற்றை வெளியே விட இடம் தேவை. பிராஸ் கலைஞர்களின் உதடுகளுக்கு ஓய்வு வேண்டும். ஒலியை அடக்கும் மியூட்டைப் பொருத்தவும் எடுக்கவும் சில வினாடிகளாவது மௌனம் கொடுக்க வேண்டும். ஹார்ப்பில் 47 தந்திகள் இருந்தாலும் 7 பெடல்கள்தான். ஒரு பெடல் எல்லா ஸ்தாயிகளிலும் உள்ள அந்தச் சுரத்தை ஒன்றாக மாற்றிவிடும் என்பதால், ஒரு கையில் ஸியும் மறு கையில் ஸி ஷார்ப்பும் தேவைப்பட்டால் இரண்டாவதை அதே ஒலி கொண்ட டி ஃப்ளாட் என்று எழுத வேண்டும்.

கற்பதற்குச் சிறந்த பயிற்சி, முஸோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதி, ராவெல் 1922இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ‘ஓவியக் கண்காட்சிச் சித்திரங்கள்’. பியானோ வடிவத்தின் ஒரு பக்கத்தை எடுத்து, ராவெலைப் பார்க்காமல் நீங்களே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். தொடக்கத்தின் தனி மெலடியை அவர் ஒரே ஒரு டிரம்பெட்டுக்குக் கொடுத்து, அதற்கு விடையாக வரும் கார்டுகளைப் பிராஸுக்குக் கொடுத்திருக்கிறார். பழைய கோட்டையைச் சித்திரிக்கும் பகுதியில் மெலடி ஆல்டோ சாக்ஸபோனில் வருகிறது. ஏன் வேறு வாத்தியம் அல்ல என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டே போனால், ஒரு பக்கத்துக்கே பல மாலைகள் தேவைப்படும், அந்த நேரம் முழுவதும் பயனுள்ளது.

ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த முழுத் தாள், முடிந்த பிறகு, ஒவ்வொரு வாத்தியத்தின் தனித்தாளையும் தனியாக வாசித்துப் பாருங்கள். இரண்டாம் பாசூன் கலைஞருக்கு முன்னால் இருப்பது அந்த ஒரு தாள் மட்டுமே. நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவர் நுழைய வேண்டிய இடத்தில், அதற்குச் சற்று முன் ஒலிக்கும் வேறொரு வாத்தியத்தின் வரியைச் சிறிய எழுத்தில் குறித்துக் கொடுங்கள். தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில் கைகளுக்கு வேலை இல்லாத சில பார்கள் (தாள அளவுகள்) இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.