பொன்னி குடித்த தண்ணீரை அளந்த கதை

எங்கள் பொன்னி சிப்பிப்பாறை நாய், வயது 11, மதுரை திருநகர் வீட்டு வாசல்படிதான் அவள் இடம். 2025 மே மாதம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரத்தில் அவள் தண்ணீர் குடிப்பது கூடியது, சாப்பாடு குறைந்தது, ராத்திரியில் ரெண்டு மூணு தடவை கதவைப் பிறாண்டி வெளியே போய் ஒண்ணுக்கு இருந்துவிட்டு வந்தாள், ஒரு நாள் அடக்க முடியாமல் ஹாலிலேயே போய்விட்டு ஏதோ பெரிய தப்புப் பண்ணியவள் மாதிரி பீரோ சந்தில் போய் ஒடுங்கிக்கொண்டாள். நாங்களும் வெயில், வயசு என்று சொல்லிக்கொண்டோம். அம்மாவும் "எனக்கே ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு, அது என்ன செய்யும் பாவம்" என்றார்.

ஒரு கிளினிக்கில் காட்டினேன். பெயர் வேண்டாம். மேஜை மேல் ஏற்றக்கூட இல்லை. "பதினோரு வயசுல்ல சார், இனி இப்படித்தான்" என்று ஈரல் டானிக் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன் என்பதால் நிம்மதியாக வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன?

அலங்காநல்லூர் பக்கம் மாடு வைத்திருக்கும் நண்பன் ஒருவன் போனில் பேசும்போது "நாய் நிறையத் தண்ணி குடிக்குதுடா" என்றேன். "நிறையன்னா எத்தனை லிட்டர்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. மாடு வளர்க்கிறவன் தீவனத்தையும் பாலையும் அளந்தே பழகியவன், நாம் நாயை வாஞ்சையாக வளர்க்கிறோமே தவிர எதையும் அளப்பதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அளக்க ஆரம்பித்தேன். துவைக்கிற கல் பக்கம் தேங்கும் தண்ணீர், பூனைக் கிண்ணம், செடிக்கு அடியில் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, லிட்டர் பாட்டிலில் அளந்து ஒரே ஒரு எவர்சில்வர் பேசினில் ஊற்றி வைத்தேன். காலியாகக் காலியாக ஊற்றி, அடுத்த நாள் காலை ஆறுக்கு மிச்சத்தை அளந்து கழித்தால் இரண்டே முக்கால் லிட்டர். அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். பதினேழரை கிலோ. பழைய தடுப்பூசிச் சீட்டில் 19 என்று இருந்தது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணீர் சாதாரணம், 100 மில்லியைத் தாண்டினால் உள்ளே ஏதோ கோளாறு. வெயிலுக்குக் கொஞ்சம் கூடும்தான், ஆனால் இவள் கணக்கு 150ஐத் தாண்டியிருந்தது.

அன்றைக்கு எதிர்சேவை, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகரை மதுரை எதிர்கொண்டு வரவேற்கும் நாள். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமெல்லாம் தலைகளாக இருக்கும், நான் விசாரித்து வைத்திருந்த டாக்டரம்மாவோ வைகைக்கு அந்தப் பக்கம், ஆனையூரில். மூன்று ஆட்டோக்காரர்கள் முடியாது என்றார்கள், நாய் என்பதற்காக ஒருவர், கூட்டத்துக்காக இருவர். நாலாவதாக வந்த அண்ணன் "எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு, ஏத்துங்க" என்று பைபாஸ் ரோடு, காளவாசல், பாத்திமா கல்லூரி என்று சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பொன்னியைப் பழைய ஜமுக்காளத்தில் தூக்கிக்கொண்டு போனோம். எப்போதும் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறவள் அன்றைக்கு நீட்டவில்லை.

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், மடிக்காம்புகளை ஒவ்வொன்றாக அமுக்கிக் கட்டி இருக்கிறதா என்று தேடினார், வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணலையா? கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு?"

மார்ச் கடைசியில் இணை சேரும் பருவத்துக்கு வந்திருந்தாள். ஆறு வாரம் ஆகியிருந்தது. ஸ்கேன் திரையில் கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்தில் தடித்த குழாய்கள் சுருண்டு சுருண்டு கறுப்பாகத் தெரிந்தன. கறுப்பாக இருப்பதெல்லாம் சீழ் என்றார். பயோமெட்ரா, அதாவது கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய். ஹீட் முடிந்த சில வாரங்களில், ஆபரேஷன் செய்யாத வயதான பெட்டை நாய்களுக்கு அதிகம் வருவது. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் உடம்பு சினை பிடித்த மாதிரியே ஹார்மோனைச் சுரந்து கர்ப்பப்பைச் சுவரைத் தடிக்க வைக்க, வருஷக்கணக்கில் அது சேர்ந்து, உள்ளே போன கிருமிக்குத் தோதான இடமாகிவிடுகிறது. கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் கசிந்து காட்டிக்கொடுக்கும். பொன்னிக்கு மூடியிருந்தது, அதுதான் ஆபத்தான வகை, வெடித்தால் பிழைப்பது கஷ்டம். கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதால் சிறுநீர் தண்ணீராக ஓடுகிறது, அதை ஈடுகட்டத்தான் அவ்வளவு குடித்திருக்கிறாள். நாங்கள் வெயில் வெயில் என்று சொன்ன தாகம் இதுதான். ரத்தத்தில் வெள்ளையணு 48,000, சாதாரணமாக 17,000க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தது.

அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொன்னிக்கு ஒரு வயதில் நான் ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றபோது "ஒரு ஈத்தாவது போடட்டும்டா, பொட்டைப் பிள்ளை" என்று தடுத்தவர் அவர்தான். ஒரு ஈத்துப் போட்டால் நல்லது என்று ஊரெல்லாம் சொல்வது, அதில் மருத்துவ நியாயம் ஒன்றுமில்லை. அவள் கடைசிவரை ஈனவும் இல்லை.

"இந்த வயசுல மயக்கம் குடுத்தா தாங்குமா?" என்று அம்மா கேட்டார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஆபரேஷன்ல ஆபத்து இருக்கும்மா. பண்ணலைன்னா அதைவிட ஆபத்து." வயசு என்பது நோயில்லை, இதயம் எப்படி, சிறுநீரகம் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். சிப்பிப்பாறை மாதிரி மெலிந்த வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் தெளிய ரொம்ப நேரம் எடுக்கும், அதற்குத் தகுந்த மருந்தாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. அன்று முழுக்க டிரிப்ஸும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை ஊரே ஆற்றில் இறங்கும் அழகரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்து வீட்டு டிவியில் "கோவிந்தா" கேட்டது. ஆபரேஷன் ஒன்றேகால் மணி நேரம். எடுத்த கர்ப்பப்பையை ஒரு டிரேயில் காட்டினார்கள், பெரிய மலைவாழைப் பழங்களை ரெண்டு கையிலும் கோத்த மாதிரி இருந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் கதவு வரை நடந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் மூன்று நாள்தான் கஷ்டம். கழுத்தில் மாட்டிய கூம்போடு நிலைப்படியில் இடித்துக்கொண்டே நடந்தாள். முனகுகிறாளே என்று மாமா ஒருவர், மனிதர்களுக்கான வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷர்தான், ஆனால் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும், பூனைக்கோ பாராசிட்டமால் ஒன்றே உயிரை வாங்கப் போதும். டாக்டர் எழுதியதைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. டைல்ஸில் கால் வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு விரித்தோம், அது இன்றைக்கும் கிடக்கிறது. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். எல்லாம் சேர்த்து 16,400 ரூபாய், ஆட்டோ தனி. அந்த அண்ணன் திரும்பி வரும்போது காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், அவர் நாய்க்கும் ஒன்பது வயதாம், ஆபரேஷன் ஆகவில்லையாம், ஆனையூர் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, மாதம் ஒருமுறை எடை. தண்ணீர்க் கணக்கு அம்மா பொறுப்பு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைக்கிறார். நேற்றைய தாள்: "காலை அரை லிட்டர். சாயங்காலம் கால். பருத்திப்பால் ரெண்டு வாய், நான் கொடுக்கல, அவளா குடிச்சது."