மடை உடைந்த சேதி பேப்பரில் வர நாற்பத்து மூன்று நாள்

செய்தி வந்த அன்று காலை டீக்கடையில் பேப்பரைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் தேடினேன். இல்லை. எங்கள் ஊருக்கு வரும் பேப்பரில் எங்கள் ஊர்ச் செய்தி வராது என்பதை, ஒன்றரை மாதம் அலைந்த பிறகும் மறந்துவிட்டிருந்தேன். அது ஏன் என்று வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தாலுகாவின் தென்கோடி. சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாணத் துணிமணி எல்லாமே காரைக்குடிதான். ஐப்பசி மழையில் பெரிய கண்மாய் முக்கால்வாசி பெருகியிருந்த நேரம், நடுமடையின் இரும்புக் கதவு துருப்பிடித்துக் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. தை வரை நெல்லுக்குப் பாய வேண்டிய தண்ணீர் இரவு பகலாக ஓடையில் ஓடியது. வைக்கோலும் சாக்கும் அடைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. யூனியன் ஆபீசில் கேட்டால் ‘அது பி.டபிள்யூ.டி. கண்மாய்’. நாங்கள் இன்னமும் பி.டபிள்யூ.டி. என்றே சொல்லும் நீர்வளத் துறையில் கேட்டால் ‘அது யூனியன் கண்மாய்’. “பேப்பர்ல ஒரு தடவை வந்துச்சுன்னா ஓடி வருவாய்ங்க” என்றார் டீக்கடையில் ஒருவர். அந்த ஒரு சொல்லை நம்பிக் கிளம்பியவன்தான் நான்.

காரைக்குடியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர் இருக்கிறார். பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை. அவரிடம் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொண்டைமான் காலத்தில் வெட்டிய கண்மாய் என்று தொடங்கி, எத்தனை குடும்பம், எத்தனை போகம் என்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது. அவர் முதல் பத்தியைக்கூட முடிக்கவில்லை.

“எப்பண்ணே உடைஞ்சுச்சு?”

“பத்து நாள் ஆச்சு தம்பி.”

“சரி, இன்னைக்கு என்ன நடந்துச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அதே தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டார். ஊர் எந்த மாவட்டம்? புதுக்கோட்டை என்றதும் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் எழுதினால் அது சிவகங்கைப் பக்கத்துக்குப் போகும், அந்தப் பக்கம் மதுரைப் பதிப்பில் வரும். புதுக்கோட்டைப் பக்கம் திருச்சிப் பதிப்பில் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் கட்டு மதுரைப் பதிப்பு. ஆக, எங்களைப் பற்றி எழுதக்கூடிய பக்கம் எங்கள் ஊருக்கு வருவதில்லை. வருகிற பக்கத்தில் எங்களைப் பற்றி எழுத முடியாது. எல்லையோரத்து ஊர்க்காரர்கள் முதலில் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நாள் போயிற்று.

இரண்டு பஸ் மாறிப் புதுக்கோட்டை போனது தீபாவளிக்கு முந்தின வாரம். அதைவிட மோசமான வாரத்தை நான் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அங்கிருந்த நிருபர் நல்ல மனிதர். செல்போனில் அன்றைய பக்கத்தையே திறந்து காட்டினார். ஜவுளிக்கடை கால் பக்கம், ஸ்வீட் ஸ்டால், பட்டாசுக் கடை, கட்சிக்காரர்களின் வாழ்த்து. இதற்கெல்லாம் நடுவே இரண்டு விரற்கடை சந்தில் மூன்று செய்தி. விளம்பரத்துக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில்தான் செய்தியை அடைக்கிறார்கள். நான் இத்தனை வருடமாக நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதுதான் எனக்கு மிகவும் உதவியது, கேட்கும்போது எரிச்சலாக இருந்தாலும். “அண்ணே, இது யூனியன் கண்மாயா, பி.டபிள்யூ.டி. கண்மாயா? ஆயக்கட்டு எத்தனை எக்டர்?” ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நாற்பது எக்டருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அதைச் சொல்லாமல் ‘அதிகாரிகள் அலட்சியம்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் பேப்பர் ஆபீசில் செய்தியைத் திருத்தும் டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் வெட்டிவிடுவார். துறையின் பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாள் மறுப்பு வரும், திட்டு நிருபருக்கு.

வி.ஏ.ஓ. ஆபீசுக்கு மூன்று நடை. முதல் நாள் கூட்டம், இரண்டாம் நாள் லீவு, மூன்றாம் நாள் “அதெல்லாம் வாய்ல சொல்லக் கூடாது”. கடைசியில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கதவு விழுந்த அன்றே இதைச் செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று புதுக்கோட்டையில் நான் கிளம்பும்போது அந்த நிருபர் தம்பி தயங்கித் தயங்கி, “பொங்கலுக்கு உங்க ஊர்ல யாராச்சும் வாழ்த்து விளம்பரம் குடுப்பாங்களாண்ணே?” என்று கேட்டார். முதலில் சுருக்கென்றது. பிறகு அவரே சொன்னார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். எங்கள் கண்மாயைப் பார்க்க வந்து போனால் பெட்ரோல் காசே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். செய்தி போட அவர் காசு கேட்கவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும்.

தீபாவளி முடிந்தது. அடுத்து வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, பத்து நாளைக்கு மழை தவிர வேறு செய்தியில்லை. மழைச் செய்தியோடு நம் கண்மாயும் சேர்ந்து வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வந்தது இதுதான்: ‘கண்மாய்கள் நிரம்பின, விவசாயிகள் மகிழ்ச்சி’. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். “அது பி.ஆர்.ஓ. ஆபீஸ் பிரஸ் நோட்டுண்ணே” என்றார். அரசாங்கத்தின் மக்கள் தொடர்பு ஆபீசிலிருந்து, தட்டச்சு செய்து திருத்தி, எண்ணிக்கையோடு, போட்டோவோடு, பொறுப்பான அதிகாரியின் பெயரோடு சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து விழுகிறது. எட்டுப் பேர் பார்க்க வேண்டிய பக்கத்தை மூன்று பேர் வைத்துக்கொண்டு முடிக்கும் டெஸ்கில் அப்படியே எடுத்து வைக்கிறார்கள். என் நான்கு பக்கத்தை யார் உட்கார்ந்து நாற்பது சொல்லாக்குவது?

பக்கத்து வீட்டு மாமா கொதித்துப்போய், செய்தி போடவில்லை என்று கேஸ் போடலாம் என்றார். பேப்பரின் கடைசிப் பக்கத்து அடியில் எறும்பு ஊர்வதுபோல அச்சிட்டிருக்கும் வரியைப் படித்ததுண்டா? அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று பெயர்கள் இருக்கும். ‘ஆசிரியர்’ என்றால் யார் என்பதற்கு 1867-ஆம் வருடத்துப் பத்திரிகைச் சட்டம் தந்த விளக்கமே, எதை வெளியிடுவது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ளவர் என்பதுதான். அந்தச் சட்டத்துக்குப் பதில் 2023-இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பொறுக்குவது அவர் வேலை. ‘என் செய்தியைப் போடு’ என்று எந்தப் படியேறியும் கேட்க முடியாது. மாமாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு காப்பி செலவானது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாள். நிருபர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள் என்று பன்னிரண்டு பேர் வேன் பிடித்துப் போனோம். மனு கொடுத்து ரசீது வாங்கி, கேமராக்காரர்கள் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு படம்கூட எடுத்தார்கள். அப்போது வாசலில் ஒரு சத்தம். யாரோ ஒருவர் மண்ணெண்ணெய் கேனோடு வந்திருக்கிறார், போலீஸ்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் முன்னால் இருந்த அத்தனை கேமராவும் ஒரே நொடியில் அங்கே ஓடின. மறுநாள் பக்கத்தில் அந்த மனிதர் இருந்தார். அவருக்கு என்ன கஷ்டம் என்று ஒரு வரி, மீதியெல்லாம் கேனைப் பற்றி. எங்கள் படம் வராததற்கு வருத்தப்படக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

வேன் வாடகைதான் மிச்சம் என்று நொந்து கிடந்தபோது அக்கா மகள் ஊருக்கு வந்தாள். திருச்சியில் இதழியல் படிக்கிறாள். அவள் சொன்னது: 1965-இல் யொஹான் கால்டுங், மாரி ரூகே என்று நார்வேக்காரர்கள் இரண்டு பேர், காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டுப் பத்திரிகைகள் எப்படிப் போட்டன என்று ஆராய்ந்தார்களாம். எது செய்தியாகிறது என்பதற்கு அவர்கள் சொன்ன முதல் காரணம், நடந்தது பேப்பரின் ஒரு நாள் தாளத்துக்குள் அடங்குகிறதா என்பது. கொலை ஒரு நாளில் நடந்து முடிந்துவிடும், செய்தியாகிவிடும். அணை கட்டுவது வருடக்கணக்கு, யார் கண்ணிலும் படாது. திறப்பு விழா மட்டும் வந்துவிடும்.

“மாமா, உங்க மடை மெதுவா ஒழுகுது. அதுதான் பிரச்சினை. ஒரு நாள்ல ஏதாவது நடக்கணும்.”

காரைக்குடித் தம்பி முதல் நாளே இதைத்தான் கேட்டிருந்தார். நார்வே வரை போய்த் திரும்பி வந்து எனக்கு உறைத்தது.

சாலை மறியல் செய்வோம் என்று இளவட்டங்கள் குதித்தார்கள். வழக்கு வந்தால் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் கேடு, வேண்டாம் என்றேன். ஊரே சேர்ந்து மடையை அடைப்போம், அதை நிருபரிடம் முன்கூட்டியே சொல்லுவோம் என்று முடிவானது. புதுக்கோட்டைத் தம்பியைக் கேட்டதற்கு, “ஞாயித்துக்கிழமை வைங்கண்ணே” என்றார். இது விலைமதிப்பில்லாத யோசனை. ஞாயிற்றுக்கிழமை கோர்ட் இல்லை, கலெக்டர் ஆபீஸ் இல்லை, பிரஸ் மீட் குறைவு. திங்கட்கிழமைப் பக்கத்துக்குச் செய்திப் பஞ்சம். அதோடு மாவட்டப் பக்கம் ஏழு மணிக்கெல்லாம் முடிந்துவிடுமாம், மத்தியானத்துக்குள் படம் வந்தால்தான் வேலைக்கு ஆகும்.

நல்ல காலம், அந்த வாரமே தகவல் உரிமைப் பதிலும் தபாலில் வந்தது. ஆயக்கட்டு நாற்பத்தாறு எக்டர். ஆக நீர்வளத் துறைதான். இனி யாரும் பந்தைத் தள்ள முடியாது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாற்பது பேர், மண்வெட்டி, மணல் மூட்டை. பெண்கள்தான் பாதிக்கு மேல். அக்கா மகள் போட்டோ எடுத்தாள். கூட்டமாக நின்று கேமராவைப் பார்க்கும் படம் வேண்டாம், இடுப்புத் தண்ணீரில் மூட்டை இறக்குகிற படம்தான் வேண்டும் என்று அவள் போட்ட அதட்டலில் பெரியவர்களே அடங்கிப் போனார்கள். வாட்ஸ்அப்பில் படத்தை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொன்னாள், இல்லையென்றால் அச்சில் மங்கிவிடுமாம். எழுத்தும் நான்கு பக்கம் இல்லை, ஐந்தே வரி. என்ன நடந்தது, எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை எக்டர், எந்தத் துறை. தட்டச்சு செய்து அனுப்பினோம். கையெழுத்தைப் படம் பிடித்து அனுப்பினால் அங்கே யார் அடிப்பது?

திங்கட்கிழமை வந்தது. டீக்கடையில் தேடிக் கிடைக்காமல், பிறகு தலையிலடித்துக்கொண்டு, மாமா பையனைத் திருமயத்துக்கு வண்டியில் விரட்டி திருச்சிப் பதிப்பு இரண்டு பிரதி வாங்கிவரச் சொன்னேன். பதினோரு வரி. படமும் இருந்தது. மூட்டை இறக்கும் அத்தையின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தலைப்பைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

‘கண்மாய் கலிங்கு உடைந்தது, கிராம மக்களே சீரமைத்தனர்’.

நான் எழுதியது மடை. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி மடை. கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் மறுகால் போகும் இடம் கலிங்கு. டெஸ்கில் யாரோ இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள். ஒரு சொல்தானே என்று விட முடியாது. செவ்வாய்க்கிழமை காலை நீர்வளத் துறை ஜீப் நிஜமாகவே வந்தது, நேராகக் கலிங்குக்குப் போய் நின்றது. உதவிப் பொறியாளர் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, “கலிங்கு நல்லாத்தானே இருக்கு, தப்பான செய்தின்னு ரிப்போர்ட் போட்டுடுறேன்” என்று வண்டியில் ஏறப் போனார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஓடிவந்து சொல்லாவிட்டால் அந்த மறுப்பும் அச்சாகியிருக்கும். கரையில் செருப்பில்லாமல் ஓடி அவரை மறித்து, மடைக்குக் கூட்டிப்போய், தகவல் உரிமைப் பதிலைக் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம் கலிங்கைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டே நாளில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து, மேலே மணல் மூட்டை அடுக்கி, ஒழுகலை முக்கால்வாசி நிறுத்தினார்கள். புதுக் கதவுக்கு மதிப்பீடு அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அதே பேப்பரில் ‘செய்தி எதிரொலி’ என்று முத்திரை போட்டு, நான்கு பத்தி அகலத்துக்கு ஒரு செய்தி. மடை உடைந்ததற்குப் பதினோரு வரி, அதைத் தாங்கள் சொன்னதால் சரிசெய்தார்கள் என்பதற்கு முப்பது வரி. படத்தில் பொறியாளரும் தகடும். இந்த முறை ‘மடை’ என்று சரியாகப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் புதுக்கோட்டைத் தம்பி போன் செய்தார். குரலில் எனக்கிருந்ததைவிட அதிக சந்தோஷம். எதிரொலிக்குத் தனித் தொகை உண்டாம்.

“எஸ்டிமேட் சாங்ஷன் ஆகலேன்னா சொல்லுங்கண்ணே, மறுபடி போடுவோம்.”

“சொல்றேன் தம்பி.”

“ஞாயித்துக்கிழமையாப் பாத்துச் சொல்லுங்க.”