அப்பாவின் காலித் தேன்பெட்டிகள்

ரப்பர் விளையில் தேன் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால், பூவிலிருந்துதான் என்பார்கள். நானும் எட்டு வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தவக்காலத்துக் காலையில் அப்பா தாழ்வான கொப்பு ஒன்றை வளைத்துப் பிடித்து, செம்பு நிறம் மாறாத தளிரைக் காட்டி, மூன்று இலையும் காம்போடு சேருகிற இடத்தைத் தொட்டு, "நக்கிப் பாரு மக்களே" என்றார். இனித்தது. மரம் இன்னும் பூக்கவே இல்லை. இலை தளிராக இருக்கிற அந்தச் சில வாரங்கள் மட்டும், காம்பின் நுனியில் உள்ள சின்னச் சுரப்பிகளில் மது ஊறும், இலை முற்றினால் நின்றுவிடும். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு இப்படி இலைக்காம்பிலிருந்து வந்ததுதான்.

மார்கழி தையில் இலை முழுவதும் உதிர்ந்து, விளைக்குள் நின்றால் நேராக வானம் தெரியும். அப்புறம் மாசியில் தளிர் விடும். தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனும் அநேகமாக அந்தச் சமயத்தில்தான் வரும். நாம் நெற்றியில் சாம்பலோடு, இனிப்பு வேண்டாம் என்று ஒறுத்தல் முயற்சி எடுத்துக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போது தேனீக்களுக்கு அறுவடை தொடங்கியிருக்கும். சின்ன வயதில் இது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

எங்கள் ஊர் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். அம்மா பிறந்தது அந்தப் பக்கம், பாறசாலை. அப்பாவுக்கு நாற்பது தேன்பெட்டி இருந்தது. பெட்டி வளர்ப்பு எங்கள் பகுதிக்கு 1920-களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பரவியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கும் முன்னால், 1910-களில், திருச்சிப் பக்கம் ஆட்களுக்குத் தேனீ வளர்ப்பு கற்றுக்கொடுத்து, நம் ஊர் சின்ன ஈக்கு ஏற்ற பெட்டியைச் செய்தவர் நியூட்டன் என்ற குருவானவர். அதனால்தான் அதற்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். கீழே ஈக்குஞ்சுகளான புழுக்கள் வளர்கிற புழு அறை, மேலே தேன் அறை. அப்பா பெட்டியைத் திறக்கும் முன்னால் சிலுவை அடையாளம் போடுவார். கேட்டால், "சாமியார் செஞ்ச பெட்டியில்லா" என்பார்.

சீசனில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள். இரவில்தான் ஏற்ற முடியும், ஈ எல்லாம் உள்ளே வந்து அடங்கிய பிறகு வாசலை அடைத்துவிட்டு. ஒரு தடவை நானும் கூடப் போனேன். நடு இரவில் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரி நின்றபோது நாற்பது பெட்டியும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது இன்றும் காதில் இருக்கிறது. அப்பா ஜெபமாலையை எடுத்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார், நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

1991-92-இல் நோய் வந்தது. தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ். வளர்ந்த ஈக்கு ஒன்றும் செய்யாது, புழுவைப் பிடிக்கும். அறைக்குள்ளேயே தலையைத் தூக்கியபடி புழு செத்துக் கிடக்கும், எடுத்தால் தண்ணீர் நிறைந்த சின்னப் பை மாதிரி வரும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அந்த நோயில் பெரும்பாலான கூடுகள் அழிந்தன. எங்கள் நாற்பதும் சில மாதங்களில் போயின. செத்த புழுவை ஈக்கள் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தன. கடைசியில் மிச்சம் இருந்தவை பெட்டியை விட்டே பறந்துவிட்டன. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. அப்பா கூலிக்கு ரப்பர் பால்வெட்டப் போனார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

அக்கம்பக்கத்தில் பலரும் காலிப் பெட்டிகளை விறகுக்கு உடைத்தார்கள், சிலர் கோழி அடைத்தார்கள். அப்பா நல்ல பெட்டியாகப் பன்னிரண்டைப் பிரித்தெடுத்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பழைய தேனடைகளை உருக்கிச் சேர்த்து வைத்திருந்த மெழுகைத் துணியில் தொட்டு உட்பக்கம் முழுவதும் தேய்த்தார். சக்கை (பலா) மரத்துக்கடியில் பழைய இடத்திலேயே தாங்கி போட்டு வைத்தார். எறும்பு ஏறாமல் இருக்க, தாங்கியின் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே தண்ணீர் நிறைத்த சிரட்டை. ஈ இல்லாத பெட்டிக்கு எறும்புக்காவல்! அம்மாவுக்குக் கோபம் கோபமாக வரும். "ஒழிஞ்ச பெட்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் போய்ச் சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பல்லி முட்டை, கரப்பான், சிலந்தி வலை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் கொஞ்சம் மெழுகு தேய்ப்பார்.

மூன்று வருடம் இப்படிப் போனது. நான்காம் வருடம் ஒரு மாசி மாதத்துப் பகலில் விளைக்கு மேலே ஒரு கூட்டம் புகை மாதிரி சுழன்று வந்து, பன்னிரண்டில் ஒன்றுக்குள் இறங்கியது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா அந்தப் பெட்டிக்கு ஐந்தடி தள்ளித் தரையில் முழங்காலில் இருந்தார். ஈக் கூட்டம் இடம் மாறும் முன்னால் சில ஈக்களை வேவு பார்க்க அனுப்பும். அவை பொந்து, பெட்டி என்று நுழைந்து அளந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும். பழைய மெழுகு வாசனை இருக்கிற இடம் அவற்றுக்குப் பிடிக்கும். இதையெல்லாம் அப்பா பிற்பாடுதான் விளக்கினார்.

அப்பா 2019-இல் இறந்தார். அதன் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கடவுள்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, கோபம் இருந்தால் சண்டையாவது போடலாம். ஒன்றுமே இல்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று வாய் சொல்லும், மனசு அடுப்பில் இருக்கிற உலையை நினைத்துக்கொண்டிருக்கும். திருப்பலியில் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், முன்னால் இருப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என் முறை வரும்போது மனப்பாடமாக ஏதோ சொல்வேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் இப்படி இருந்தது.

இதைச் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்று பதைத்தேன். கேரளத்தில் மூன்று நாள் தியானத்துக்குப் போனேன். நன்றாக அழுதேன், பாடினேன், இனி தினமும் ஒரு மணி நேரம் ஜெபம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு வாரத்தில் எல்லாம் புளித்துப் போயிற்று. தியானத்தைக் குறை சொல்லவில்லை, அங்கே கேட்ட வசனங்கள் இன்றும் உதவுகின்றன. என் அவசரம்தான் தப்பு. தேன் எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். ஈ கொண்டுவருகிற மது தண்ணியாக இருக்கும், அதைச் சிறகால் விசிறி விசிறி நீரை வற்ற வைத்து, பக்குவம் வந்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். மூடாத அடையைப் பிழிந்தால் அதுவும் இனிக்கத்தான் செய்யும். பாட்டிலில் ஊற்றி வைத்தால் கொஞ்ச நாளில் நுரைத்து மூடியைத் தள்ளிவிடும். நான் மூடாத அடையைப் பிழிந்திருந்தேன்.

அதற்கப்புறம் பெரிதாக எதுவும் முயற்சி செய்யவில்லை. அப்பாவின் பெட்டிகளில் ஏழு மிச்சமிருந்தன, மூன்றில் ஈ இருந்தது, நான்கு காலி. அவற்றைப் பார்த்துக்கொள்ள நான்தான் இருந்தேன். ஒரு நாள் காலிப் பெட்டியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது மத்தேயு 12-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தீய ஆவி ஒருவனை விட்டுப் போய், இளைப்பாற இடம் கிடைக்காமல் திரும்பி வந்து பார்க்கிறது, வீடு காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. நினைத்ததும் பயம் வந்தது. சுத்தமாக இருந்தும் அந்த வீடு கெட்டுப்போனதே, அப்படியானால் அப்பா செய்தது என்ன, நான் செய்துகொண்டிருப்பது என்ன?

இதைப் பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான். அந்த வீட்டைப் பெருக்கி வைத்தார்கள், ஆனால் அது இன்னாருக்கு என்று வைக்கவில்லை. எதிர்பார்க்கிற ஆள் இல்லாத வீடு அது. அப்படி விட்ட தேன்பெட்டிக்கும் அதே கதிதான். இரண்டு மாதம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் பல்லியும் எறும்பும் வரும், பழைய அடை மிச்சமிருந்தால் மெழுகுப் புழு வலை பின்னித் தின்றுவிடும். அப்பாவின் பெட்டியும் காலிதான், ஆனால் ஈக்கென்று காலியாக இருந்தது, ஈயின் மெழுகு பூசியிருந்தது.

அந்த மெழுகுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அது யார் செய்த மெழுகு? செத்துப்போன கூட்டங்கள் செய்தது. வேலைக்கார ஈயின் வயிற்றடியில் மெல்லிய செதிலாகக் கசிகிற மெழுகு அது. வேலை மிகுந்த காலத்தில் ஒரு வேலைக்கார ஈ ஆறு வாரம் போல உயிரோடு இருக்கும். அது விட்டுப்போன மெழுகின் வாசனை வருடக்கணக்கில் பெட்டியில் நின்று, அது பார்த்தே இராத இன்னொரு கூட்டத்தை அழைக்கிறது. எனக்கென்று ஒரு ஜெபமும் இல்லாத அந்த நாட்களில் என்னிடம் மிச்சமிருந்தது என்ன என்று பார்த்தால், அப்பா லாரியில் சொன்ன அந்த ஜெபமாலைதான். பாட்டி கற்றுக்கொடுத்த காவல்தூதர் ஜெபம். சிலுவைப்பாதையில் ஊரோடு சேர்ந்து இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டு. எதுவும் என்னுடையது அல்ல. ஆனால் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது போலி என்று அதுவரை வெட்கப்பட்டிருக்கிறேன், அன்றோடு அந்த வெட்கம் போயிற்று.

ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலா புனித தெரசாவும் நீண்ட வருடங்கள் ஜெபத்தில் வறட்சியை அனுபவித்தவர். ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். திருச்சபையின் மறைவல்லுநர் என்று 1970-இல் அறிவிக்கப்பட்டவர் இதை மறைக்காமல் சொல்லியிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா! நம்ம ஊர் தேவசகாயம் பிள்ளையையும் நினைப்பேன். நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1749-இல் கைதானவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவித்தபோது ஊரெல்லாம் அவருடைய மரணத்தைப் பேசியது, எனக்கு அந்த நடுவில் உள்ள மூன்று ஆண்டுகள்மேல்தான் கண். அவர் குருவானவர் அல்ல, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். விலங்கு மாட்டிய நிலையில் ஒவ்வொரு நாளும் விடிந்திருக்கும். அதில் எத்தனை நாள் வறண்ட நாள் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு. விளக்கெல்லாம் அணைத்த கோயிலுக்குள் பாஸ்கா திரியை ஏந்தி வந்த பிறகு பாடுகிற புகழுரையை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அதன் இலத்தீன் மூலத்தில் இரண்டு இடத்தில் தேனீ வருகிறது என்பது ஒரு பங்குத்தந்தை மறையுரையில் சொல்லித்தான் தெரிந்தது. தேனீக்களின் உழைப்பில் உண்டான இந்தத் திரியை ஏற்றுக்கொள்ளும் என்று திருச்சபை ஆண்டவரிடம் கேட்கிறது, தாய்த் தேனீ தந்த மெழுகு என்று இன்னொரு இடத்தில் புகழ்கிறது. வருடத்தின் மிகப் பெரிய இரவில், உயிர்ப்பைப் பற்றிப் பாடுகிற பாட்டில், ஒரு ஈக்கு இடம்! சீராக்கின் ஞானத்திலும் 11-ஆம் அதிகாரத்தில் பறப்பனவற்றுள் சிறியதான தேனீயைப் பற்றி ஒரு வசனம் உண்டு. பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை அக்காவின் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை, வாசித்துக் காட்டியபோது எழுதி வாங்கிக்கொண்டாள், அவளும் பெட்டி வைத்திருக்கிறாள்.

எனக்கு ஜெபம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் பெட்டியில் கூட்டம் இறங்கியது மாதிரி ஊரே பார்க்கும்படி வரவில்லை. ஒரு சாயங்காலம் ஜெபமாலையில் நான்காம் மறைபொருளில் இருக்கும்போது, உலையை நினைக்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் உலை. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன், காம்பில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தத் தவக்காலத்தில் ஐந்து பெட்டியில் ஈ இருக்கிறது. இரண்டு காலி. மழைக்காலத்தில் ஈக்குப் பஞ்சம், சர்க்கரைப் பாகு கரைத்து வைத்தும் ஒரு கூட்டம் நிற்காமல் போய்விட்டது. என் மகள் போன வாரம் அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், காலிப் பெட்டிக்கு எதற்குத் தண்ணீர் என்று. நானும் ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைக் கையில் கொடுத்தேன். வெயில் கடுமையாக இருக்கிறது, சிரட்டைத் தண்ணீர் ஒரு நாள் தாங்குவதில்லை. காலையில் நான் ஊற்றுகிறேன், சாயங்காலம் அவள்.