அக்காவின் ஓடும் அடுப்படி

மார்ச் 8, 2025, சனி

அடுப்படியை மாற்றிக் கட்டுவதற்காக நேற்று சாயங்காலம் ஒரு வண்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஃபிஃப்த் வீல் கேரவன், அதாவது வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் வீடு. மற்ற கேரவன்களைப் போல இதைப் பின்கொக்கியில் மாட்டி இழுப்பதில்லை. இதன் மூக்கு பக்கி வண்டியின் (பின்னால் தொட்டி உள்ள பிக்-அப்) தொட்டிக்குள் ஏறி, அதன் பின் அச்சுக்கு மேலே கிங்பின் என்ற இரும்பு முளையில் பூட்டிக்கொள்ளும். மூக்கின் மேல் படுக்கையறை, நடுவில் உட்காரும் இடம், வால்பக்கம் அடுப்படி. தோல் சோபா, கிரானைட் மேடை, வரிசையாகச் சின்ன விளக்குகள். பார்க்க அவ்வளவு அழகு.

வண்டிக்காரர்கள் டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் யூனிட் 3-ல் இருக்கும் தம்பதி. அண்ணன் ஓய்வு பெற்ற ஆசிரியர், அக்கா நர்ஸாக இருந்தவர். வருஷத்தில் பாதி நாள் இதிலேயே ஊர் சுற்றுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். முதல் தடவை மிட்மார் அணைக்குப் போய் இறங்கிக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் மஞ்சள்தூள். மேல் அலமாரி தானாகத் திறந்து, ஊறுகாய் பாட்டில் விழுந்து உடைந்து, எண்ணெய் சோபா வரைக்கும் ஓடியிருக்கிறது.

"வீடு மாதிரிதான் இருக்கு தம்பி, ஆனா வீடு நகராதே" என்றார் அக்கா.

இன்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். எல்லாக் கதவுக்கும் காந்தப் பிடிப்பான்தான். வீட்டில் போதும்; குழியில் சக்கரம் இறங்கினால் ஒரு கிலோ டப்பா தள்ளும் தள்ளில் காந்தம் விட்டுவிடும். இழுப்பறைகள் முள்கரண்டி வைக்கிற ஆழம். சட்டி வைக்க இடமே இல்லை. அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி, புகையை வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிற ரகம். இதைப் போட்டவர்கள் இதில் ஒருத்தி கடுகு தாளிப்பாள் என்று யோசித்ததாகவே தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் அக்கா சமைப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். சாட்ஸ்வொர்த் வீட்டில் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு, சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்), பருப்பு, ரொட்டி.

கை எங்கே போகிறது என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன். முதலில் எண்ணெய். அடுத்து பட்டை, சோம்பு, பிரியாணி இலை. வெங்காயம் வதங்கும்போது கறிவேப்பிலை. அதன்பின் மசாலா டின், அதுவும் இரண்டு கரண்டி, கையைத் திருப்பாமல். உப்பு மட்டும் நாலைந்து முறை. இவையெல்லாம் அடுப்புக்கு வலப்புறம், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கின்றன. முப்பது வருஷப் பழக்கம் அது. வண்டியில் அடுப்புக்கு வலப்புறம் இருப்பது மைக்ரோவேவ். அதை அவர் சோறு சூடாக்க மட்டும்தான் தொடுகிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். அக்கா உயரம் குறைவு. மேடை 900 மில்லிமீட்டர், இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற உயரம். வெங்காயம் நறுக்க அது சரி. ரொட்டி தேய்க்கும்போது தோள் தூக்கிக்கொள்கிறது; மூன்றாவது ரொட்டிக்குப் பிறகு பலகையைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோய்விட்டார். வண்டியில் மேடைக்குக் கீழே 780-ல் ஓர் இழுப்புப் பலகை வைக்கப் போகிறேன். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும்.

கிளம்பும்போது அக்கா ஒரு இரும்புத் தோசைக்கல்லை எடுத்துக் காட்டினார். அவருடைய அவ்வா (பாட்டி) மேகஸீன் பாரக்ஸில், டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில், புழங்கியது. 1960-களில் அங்கிருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களையெல்லாம் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது மூட்டையோடு வந்தது. "இதுக்கு எடம் இல்லேன்னா நான் வரலை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தராசில் வைத்தோம். மூன்றரை கிலோ. இடம் உண்டு அக்கா, தரையோடு தரையாக.

மார்ச் 15, சனி

எடை பார்க்காமல் கேரவன் அடுப்படியில் கை வைக்கக் கூடாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன்.

ஒரு மணல் குவாரியின் எடைமேடையில், அவர்கள் எப்போதும் போவது போலவே சாமான் ஏற்றிக்கொண்டு நிறுத்தினோம். தகட்டில் போட்டிருக்கும் உச்ச எடை 3,500 கிலோ. கேரவன் மட்டும் 3,160 வந்தது. அதில் கிங்பின் வழியாக பக்கி வண்டி மேல் இறங்குவது 410. அதாவது 13 சதவீதம். ஃபிஃப்த் வீலுக்கு 15 முதல் 25 சதவீதம் வரை மூக்கில் இருக்க வேண்டும். 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மூக்கு லேசானால் வால் ஆடும். அண்ணன் அப்போதுதான் சொன்னார், டவுன் ஹில் என்ற மலைச்சாலை இறக்கத்தில் லாரி தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டி அலைகிறதாம்.

காரணம் அடுப்படிதான். அது அச்சுக்குப் பின்னால், வாலில் இருக்கிறது. அங்கே ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் மூக்கைத் தூக்கும். மேடைக் கிரானைட் 20 மில்லிமீட்டர் கனம். சதுர மீட்டருக்கு 54 கிலோ. இந்த மேடை மட்டும் 60 கிலோவைத் தாண்டுகிறது. அலமாரிகள் 16 மில்லிமீட்டர் சிப்போர்டு (மரச் சீவலை அழுத்திச் செய்த பலகை), சதுர மீட்டருக்கு 11 கிலோ. டர்பன் ஈரக்காற்றில் சிப்போர்டு ஓரம் ஊறி உப்பும், ஓட்டத்தின் அதிர்வில் ஸ்க்ரூ துளை மாவாகி விரியும். கனத்தையும் சுமந்து, உறுதியும் இல்லாத பொருள்.

அதனால் இரண்டும் போகிறது. அலமாரிக்கு ஓக்குமே என்ற லேசான மரத்தில் செய்த 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், பாதி எடைதான். மேடைக்கு லேசான ப்ளைவுட் மேல் லேமினேட். கிரானைட்டை எடுக்க அண்ணனுக்கு மனசில்லை. அதற்காகத்தானே இந்த வண்டியை வாங்கினோம் என்றார். அக்கா எடைச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கல்லுக்குப் பதிலா ஆறு மூட்டை அரிசி ஏத்தலாம்" என்றார். பத்து கிலோ மூட்டையைச் சொல்கிறார், கணக்கு சரிதான்.

மூட்டையும் வாலில் இருக்கக் கூடாது. அரிசி, பருப்பு, டின் மீன், எண்ணெய்க் கேன் எல்லாம் படுக்கையறைக்குக் கீழே உள்ள முன்பக்க அறைக்கு மாறுகிறது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அடுப்படிக்கு எடுத்து வருவது. ஊரில் குதிரிலிருந்து வாரத்துக்கு அளந்து எடுத்த முறைதான்.

மார்ச் 21, வெள்ளி

மனித உரிமை நாள் விடுமுறை. பட்டறைப் பையன்கள் இல்லை, தனியாகப் பலகை வெட்டினேன். பழைய அலமாரி முழுவதும் வெளியே வந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

இதைப் படிக்கிறவர்கள் யாராவது கேரவன் வைத்திருந்தால் இந்த ஒரு பத்தியையாவது நிதானமாகப் படியுங்கள்.

அடுப்புக்குக் கீழ் அலமாரியின் தரையில் வலை போட்ட ஒரு துளை இருந்தது. அதன் மேல் பழைய அலமாரியின் அடிப்பலகை பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. மிச்சப் பாதியை அக்கா ஒரு துணியால் அடைத்திருந்தார். எறும்பு வருகிறதாம். அது எறும்புக்கு விட்ட வழி இல்லை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அது வெளியே இறங்கிப் போகத்தான் அந்தத் துளை. சாமான் வைக்க இடம் தேடும்போது முதலில் பலியாவது இந்த மாதிரித் துளைகள்தான். அதைச் சுற்றி, காஸ் தரையோடு வழிந்து போக இடைவெளி விட்டு, ஒரு சாண் உயரத்துக்குச் சட்டம் அடித்து, எந்தச் சட்டியும் மேலே ஏறாதபடி பண்ணிவிட்டேன். எறும்புக்கு மெல்லிய பித்தளை வலை.

காஸ் குழாயில் நான் கை வைப்பதில்லை. எஸ்.ஏ.என்.எஸ். 10087 என்ற தென்னாப்பிரிக்கத் தர விதிப்படி பதிவு பெற்ற ஆள்தான் இணைத்துச் சான்றிதழ் தர வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். புகைபோக்கியையும் கழற்றிவிட்டுக் கூரை வழியே வெளியே தள்ளும் 12 வோல்ட் விசிறி போட்டாயிற்று.

இண்டக்ஷன் அடுப்பு போதாதா என்று அண்ணன் கேட்டார். 2,000 வாட் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 165 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேரவன் பார்க்கின் நீலப் பிளக்கில் 16 ஆம்பியர் இருந்தால் ஓடும், ஆனால் அதே நேரம் கெட்டிலையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அக்கா மூன்று சட்டி ஒன்றாக வைக்கிறவர். காஸ்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இன்று முடிந்தது. அஞ்சறைப் பெட்டி இழுப்பறை.

வட்ட எவர்சில்வர் பெட்டி, உள்ளே ஏழு கிண்ணம். ஓட்டத்தில் பெட்டி நகராமல் பார்த்துக்கொள்வது சுலபம், நான்கு பக்கமும் கட்டை வைத்தால் போதும். கஷ்டம் மூடியில். மூடி கொஞ்சம் எம்பினால் போதும், மஞ்சள் சோம்புக்குப் போகும், மிளகாய்த்தூள் கடுகுக்குப் போகும். மூடிக்குக் கிளிப் போடலாம் என்று பையன் சொன்னான். சமைக்கிற நடுவில் ஈரக்கையோடு யார் கிளிப் கழற்றுவது?

அதனால் பெட்டியைத் தொடாமல் இழுப்பறையின் கூரையை இறக்கினேன். பெட்டியின் உயரத்துக்கு மேல் மூன்று மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி விட்டு ஒரு பலகை, அதன் அடியில் தடித்த கம்பளிப் பட்டை. இழுப்பறை உள்ளே போகும்போது கம்பளி மூடியின் மேல் லேசாக அழுத்தி உட்காருகிறது. வெளியே இழுத்தால் மூடி விடுதலை. இழுப்பறை முகப்பில் படகுகளில் போடும் அமுக்குப் பூட்டு. குமிழை அமுக்கினால் வெளியே எழும், பிடித்து இழுக்கலாம். மறுபடி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். மெதுவாகத் தானே மூடும் இழுப்பறைகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. அவை மூடுமே தவிரப் பூட்டாது, ஏற்றத்தில் வெளியே வந்துவிடும்.

இழுப்பறையைக் கழற்றித் தரையில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தோம், குலுக்கினோம். திறந்தால் கடுகு கடுகாகவே இருந்தது. மைக்ரோவேவ் இருந்த இடத்தில், அடுப்புக்கு வலப்புறம், அக்காவின் முழங்கை உயரத்தில் பொருத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் பரப்பிவைத்தார். எல்லாம் இரண்டு வரிசை. ஒன்று தினப் புழக்கத்துக்கு. மற்றது கறி, மீன் படாத பாத்திரங்கள். புரட்டாசி முழுக்கவும், விரத நாள்களிலும் அவற்றில்தான் சமையல். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

டர்பனில் பல தமிழ் வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. ஆயத்த அடுப்படி எதிலும் இதற்கு இடம் கிடையாது. விரதப் பாத்திரங்களைக் குறைத்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்று சட்டியும் ஒரு சின்னக் குக்கரும் போதும் என்று பேசி முடித்தோம். அவற்றுக்கு மேல் அலமாரியில் தனி அறை. லேசானவை என்பதால் மேலே இருக்கலாம். காமாட்சி விளக்கும் அங்கேயே, பஞ்சு அடைத்த பெட்டியில். தினச் சட்டி, குக்கர், மிக்ஸி, அவ்வாவின் தோசைக்கல் எல்லாம் கீழே.

தோசைக்கல்லுக்குச் செங்குத்தான ஒரு பொந்து செய்தேன், அடியில் ரப்பர். இழுக்கக் குனிய வேண்டும், ஆனால் உருளாது.

ஏப்ரல் 26, சனி

ஹாரிஸ்மித் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீண்ட வாரயிறுதி, என்3 நெடுஞ்சாலையில் கூட்டம். என்னையும் சோதனைக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் மறுபடி எடைமேடை: மொத்தம் 3,065, கிங்பின்னில் 560-ஐ ஒட்டி. 18 சதவீதம். டவுன் ஹில்லில் அண்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஆடலே தம்பி" என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

அடுப்படியில் என் போனைக் கட்டி வைத்துப் படம் எடுக்கவிட்டிருந்தேன். வான் ரீனன் கணவாய் ஏற்றம் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். கதவு எதுவும் திறக்கவில்லை. தட்டு அடுக்கு மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. தட்டுகளுக்கு நடுவே துணி போட வேண்டும்.

வழியில் சாப்பிட நிறுத்தினோம். பழைய அமைப்பில் இது நடக்காது. எதிர்ப்பக்க ஸ்லைட் (நிறுத்திய பிறகு சுவரோடு வெளியே தள்ளும் பகுதி) உள்ளே இழுத்திருக்கும்போது சோபா வந்து இழுப்பறைகளை மறித்துவிடும். அதற்காகவே வாசல் கதவை ஒட்டி ஒல்லியாக ஓர் அலமாரி வைத்தேன். டீத்தூள், சர்க்கரை, கெட்டில், நான்கு தட்டு, கத்தி, ரொட்டி டப்பா. ஸ்லைடைத் தள்ளாமல், படியில் நின்றபடியே அக்கா எல்லாவற்றையும் எடுத்தார்.

ஒரு விஷயம் மலைக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கடல் மட்டத்தில் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாக்கள் இங்கே உப்பிக்கொண்டு நின்றன, பருப்பு டப்பாவின் மூடி எகிறியே விட்டது. இங்கே உயரம் 1,600 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஏறும் வழியில் ஒரு தடவை நிறுத்தி மூடிகளை லேசாகத் திறந்து மூட வேண்டும். தண்ணீரும் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த சட்டியில் சுகர் பீன்ஸ் வேகவே வேகாது. குக்கர்தான். அதனால் குக்கர் பொந்தைத் தோசைக்கல்லுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

குக்கர் பொந்தை மாற்றியாயிற்று. தட்டுகளுக்கு நடுவே அக்காவே ஃபெல்ட் துணி தைத்துக் கொண்டுவந்தார். காஸ் சான்றிதழும் வந்துவிட்டது, அலமாரிக் கதவின் உள்பக்கம் நகல் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளில், கிளம்பும் முன் அமுக்க வேண்டிய குமிழ்களை வாசலிலிருந்து வரிசையாக எழுதியிருக்கிறேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார்.

மிச்சம் ஒன்றுதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு நிற்கிறது, ஒரு சின்ன விசிறி வேண்டும். செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். புதன்கிழமை அவர்கள் கிளாரென்ஸ் என்ற மலையூருக்குப் புறப்படுகிறார்கள்; கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வழியில் வந்து மாட்டிக்கொள்கிறோம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.